அரிப்புள்ள நாய்க்கு என்ன உணவு? எட்டு வாரச் சோதனை தேவைதானா?

செங்காங் சுதா | சனி, இரவு 9.40

எங்கள் பார்லிக்கு நான்கு வயது. சிங்கப்பூரில் வீவக வீடுகளில், அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளில், உள்ளூர்க் கலப்பின நாய் வளர்க்க அனுமதிக்கும் அடோர் திட்டத்தில் தத்தெடுத்தவள், பதினாறு கிலோ. ஒரு வருடமாக முன்னங்கால் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கிறாள். விரல் இடுக்கில் முடியெல்லாம் துருப்பிடித்த நிறமாகிவிட்டது. காது மூன்று முறை புண்ணாகி, மூன்று முறையும் சொட்டு மருந்து போட்டோம். ராத்திரி அவள் சொறிகிற சத்தத்தில் எனக்கும் தூக்கம் போய்விடுகிறது.

போன வாரம் மருத்துவர் தெள்ளுப்பூச்சி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, எட்டு வாரத்துக்கு ஒரே ஒரு மருத்துவ உணவுதான், வேறு எதுவும் அவள் வாயில் படக்கூடாது என்றார். புரதத்தைச் சிறு சிறு துண்டாக உடைத்துச் செய்த உணவாம். ஒரு பை 150 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். கடைக்காரர், தானியம் இல்லாத சால்மன் உணவு வாங்கினாலே சரியாகிவிடும் என்கிறார். அம்மாவோ, "கோழி சூடு, அதை நிறுத்திவிட்டுத் தயிர்சாதம் போடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தேக்கா முத்து | சனி, இரவு 10.15

அம்மா சொல்வதைக் கேளுங்கள் தங்கச்சி. என் கருப்பனுக்குப் பதினோரு வயது. பையில் அடைத்த உணவை ஒரு நாளும் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சியும் பூசணியும் வாங்கிவந்து, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் சோற்றோடு வேகவைத்து, ஒரு வாரத்துக்குப் பிரித்து உறையவைத்துவிடுவேன். அவன் தோல் எண்ணெய் தடவியதுபோல மின்னும்.

என் நாய் என்ன சாப்பிடுகிறது என்று எனக்குத் தெரியும். பையின் பின்புறம் இருக்கும் முப்பது பெயர்களில் பாதி எனக்குப் புரிவதில்லை. புரியாததை வாயில்லா ஜீவனுக்கு எப்படிக் கொடுப்பது? அதுவும் அரிப்பில் தவிக்கிற நாய்க்கு எட்டு வாரம் சோதனை என்றால் மனசு கேட்கவில்லை.

ஈசூன் மாலதி | சனி, இரவு 11.30

முத்து அண்ணன் பார்த்துப் பார்த்துச் சமைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கருப்பனுக்கு அரிப்பே வந்ததில்லை. பார்லியின் கதை வேறு. அவளுக்கு எது சேரவில்லை என்றே இன்னும் தெரியாத நிலையில் உணவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எங்கள் வெஸ்ட்டி இன நாய்க்கு இதே தொல்லையோடு இரண்டு வருடம் அலைந்தேன். முதலில் கோழியை நிறுத்தினேன், அப்புறம் தானியத்தை நிறுத்தினேன், பிறகு வான்கோழிக்கு மாற்றினேன். ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், மறுபடி தொடங்கிவிடும். கடைசியில்தான் சோதனைக்கு ஒத்துக்கொண்டேன். அந்த இரண்டு வருடத்தில் அவள் பட்ட வேதனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் மாட்டிறைச்சி சேராதவை 34 விழுக்காடு, பால் பொருள்கள் சேராதவை 17, கோழி 15, கோதுமை 13. கோழிக்கு முன்னால் பால் இருப்பதைக் கவனியுங்கள் சுதா. அம்மாவிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: சூடு, குளிர்ச்சி வேறு, ஒவ்வாமை வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தி ஒரு புரதத்தைப் பகையாக நினைத்துக்கொள்வதுதான் ஒவ்வாமை. வருடக்கணக்கில் சாப்பிட்டுவந்த பொருளே ஒருநாள் பகையாகலாம்.

உணவு ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை, எச்சில் பரிசோதனை என்று விற்பவற்றை நம்ப முடியாது. எட்டு வாரம் ஏன் என்றால் தோல் மெதுவாகத்தான் ஆறும். ஒவ்வாமை உள்ள நாய்களில் ஐந்து வாரத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் முன்னேற்றம் தெரியும், எட்டு வாரத்தில் தொண்ணூறைத் தாண்டும். நான்காம் வாரத்தில் கைவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

பொங்கோல் ரவி | ஞாயிறு, காலை 8.05

எங்கள் பூடிலுக்குத் தானியம் இல்லாத கங்காரு உணவு கொடுத்தோம். மூன்றே வாரத்தில் அரிப்பு நின்றுவிட்டது. நாய் ஓநாய் வம்சம். அதற்கு அரிசியும் கோதுமையும் எதற்கு? கடைக்காரர் சொன்னது சரிதான்.

ஈசூன் மாலதி | ஞாயிறு, காலை 9.20

ரவி, உங்கள் நாய் தேறியதில் மகிழ்ச்சி. ஆனால் பழைய உணவில் என்ன இறைச்சி இருந்தது? கோழி அல்லது மாடு என்றால், உணவை மாற்றியபோது தானியத்தோடு அதுவும் போய்விட்டது. நன்மை எதனால் வந்தது என்று எப்படித் தெரியும்?

ஓநாய் பற்றி ஒன்று. ஓநாயோடு ஒப்பிட்டால், மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணுப் பிரதிகள் நாயிடம் பல மடங்கு அதிகம். 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தது இது. மனிதனோடு வாழ்ந்து மனிதன் போட்டதைத் தின்று மாறிய உடம்பு அது. கோதுமை சேராத நாய்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லா நாய்க்கும் தானியம் ஆகாது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

பயறு, பட்டாணி நிறைய சேர்த்த தானியமில்லா உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரிக்கத் தொடங்கியது. 2022 முடிவில், அதுதான் காரணம் என்று நிறுவப் போதிய தரவு இல்லை என்றது. பயப்படச் சொல்லவில்லை. தேவையில்லாமல் அந்தப் பக்கம் போவானேன் என்றுதான் கேட்கிறேன்.

தேக்கா முத்து | ஞாயிறு, மதியம் 1.10

சந்தையிலிருந்து வந்ததும் அந்த மருத்துவ உணவுகளில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். ஹில்ஸ் இசட்/டி உணவில் கோழி ஈரல். இன்னொன்றில் சோயா. மற்றொன்றில் கோழி இறகு! கோழி சேராத நாய்க்குக் கோழி ஈரலைக் கொடுத்துத்தான் சோதனையா? மாலதி, இதற்குப் பதில் சொல்லுங்கள். நான் வாதத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியவில்லை.

ஈசூன் மாலதி | ஞாயிறு, பிற்பகல் 3.00

நல்ல கேள்வி அண்ணா, எங்கள் மருத்துவரிடம் நானும் இதையேதான் கேட்டேன். முறுக்கை இடித்துத் தூளாக்கிவிட்டால் வளையத்தை வைத்து அதை முறுக்கு என்று கண்டுபிடிக்க முடியாது அல்லவா? அதுபோல நொதிகளைக் கொண்டு புரதத்தை மிகச் சிறிய துண்டாக உடைத்துவிட்டால், எதிர்ப்பு சக்திக்கு அதை அடையாளம் தெரியாமல் போகிறது. சத்து மட்டும் உடம்பில் சேர்கிறது. எல்லா நாய்க்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். கோழி ஒவ்வாமை உள்ள சில நாய்களுக்கு உடைத்த கோழிகூடச் சேருவதில்லை. அப்போது சோயா அல்லது இறகு வகைக்கு மாற்றுவார்கள்.

வீட்டுச் சமையலிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஆனால் நாய் இதுவரை தின்றே இராத ஓர் இறைச்சியும் ஒரே ஒரு மாவுப் பொருளும்தான். முயல், கங்காரு, முதலை என்று போகவேண்டியிருக்கும். பார்லி முன்பு மாடு சாப்பிட்டிருந்தால் ஆட்டிறைச்சியும் சந்தேகத்துக்குரியதுதான், இரண்டும் அசைபோடும் விலங்குகள், புரதங்கள் நெருங்கியவை. என் வான்கோழி கதையும் அப்படித்தான் கெட்டது. கோழிக்கு அது உறவு.

தேக்கா முத்து | ஞாயிறு, மாலை 5.45

விளக்கம் புரிந்தது. இறகு விஷயத்தில் என் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் சோதனை முடிந்த பிறகு? ஆயுள் முழுக்க மாதம் 150 வெள்ளிப் பை, அதே உருண்டை, அதே வாசனை. அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

ஈசூன் மாலதி | ஞாயிறு, மாலை 6.30

அங்கேதான் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். எட்டு வாரத்தில் அரிப்பு நின்றால் பழைய உணவைத் திரும்பக் கொடுக்கவேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு மீண்டும் வந்தால்தான் உணவு ஒவ்வாமை உறுதி. பிறகு மருத்துவ உணவுக்குத் திரும்பி, அதோடு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து இரண்டு வாரம் பார்ப்பது. எங்கள் வெஸ்ட்டிக்குக் கோழியும் மாடும் மட்டும்தான் சேரவில்லை. இப்போது மீனும் சோறும் தின்கிறாள். மருத்துவ உணவை நிறுத்தி இரண்டு வருடமாகிறது.

எட்டு வாரத்திலும் மாற்றமே இல்லையென்றால் அதுவும் ஒரு விடைதான். தூசிப் பூச்சி போன்ற சுற்றுப்புற ஒவ்வாமைதான் நாய்களிடம் அதிகம். நம் ஊர் ஈரப்பதத்தில் வருடம் முழுக்க அது இருக்கும், பாத இடுக்கில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். அதற்கு மருந்து வேறு, அரிப்பை அடக்க ஊசியும் மாத்திரையும் இருக்கின்றன. உணவைக் குறைசொல்லி வருடங்களை வீணாக்க வேண்டாம்.

அண்ணா, சமையலைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல் வீட்டில் சமைக்கும் 200 நாய் உணவுக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். 190இல் ஏதாவது ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. இறைச்சியிலும் சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. கருப்பனுக்கு அதற்கு என்ன சேர்க்கிறீர்கள்?

தேக்கா முத்து | ஞாயிறு, இரவு 8.10

வாரம் இரண்டு முறை எலும்பு சூப். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஈசூன் மாலதி | ஞாயிறு, இரவு 8.25

எலும்பைக் கொதிக்கவைத்தால் சுண்ணாம்புச் சத்து கொஞ்சம்தான் தண்ணீரில் இறங்கும் அண்ணா. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது உங்கள் சமையல் குறிப்பை அளவோடு எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முட்டையோட்டுப் பொடியோ மாத்திரையோ எவ்வளவு சேர்க்கலாம் என்று எடையைப் பார்த்துச் சொல்வார்கள். நீங்கள் சமைப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

தேக்கா முத்து | ஞாயிறு, இரவு 8.50

காட்டுகிறேன். ஆரோக்கியமான நாய்க்கு வீட்டுச் சமையல்தான் நல்லது என்பதில் எனக்கு மாற்றமில்லை. நோயென்று வந்தால் முதலில் காரணத்தைத் தேடவேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பொங்கோல் ரவி | ஞாயிறு, இரவு 9.30

பூடிலின் பழைய பையின் படம் கைப்பேசியில் இருந்தது, பார்த்தேன். முதல் பொருளே கோழி. தானியம்தான் காரணம் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். அதற்காகச் சோதனை என்று கோழியைத் திரும்பக் கொடுக்கப்போவதில்லை மாலதி. நிம்மதியாகத் தூங்குகிற நாயை மறுபடி சொறியவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஈசூன் மாலதி | ஞாயிறு, இரவு 9.45

அது உங்கள் விருப்பம், அதில் தவறில்லை. புதிதாகப் பொட்டலம் வாங்கும்போது மட்டும் முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்கம் படியுங்கள். அமெரிக்க விதிப்படி பெயரில் "சால்மனுடன்" என்று போட மூன்று விழுக்காடு சால்மன் இருந்தால் போதும். மீதி கோழியாகவும் இருக்கலாம்.

செங்காங் சுதா | திங்கள், இரவு 10.20

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைக்காரர் கொடுத்த சால்மன் பையைத் திருப்பிப் பார்த்தோம். நான்காவது பெயர் கோழி மாவு. அப்புறம் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. உடம்புக்குக் குளிர்ச்சி என்று போன வருடத்திலிருந்து தினமும் சாயங்காலம் பார்லிக்கு ஒரு கரண்டி தயிர்சாதம் கொடுத்துவந்ததாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை நெய்ப்பொங்கலும் உண்டாம். தயிர்தான் காரணம் என்று இன்னும் தெரியாது, அதையும் அம்மாவிடம் சொன்னேன். இருந்தாலும் அவர் கண் கலங்கிவிட்டது.

சோதனையை வியாழக்கிழமை தொடங்குகிறோம். பணிப்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் புரியவைத்தாயிற்று. கீழ்த்தளத்தில் பிஸ்கட் கொடுக்கும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் அம்மாவே பேசுகிறேன் என்றார். ஒன்று மட்டும் சந்தேகம். மாதாமாதம் கொடுக்கும் இதயப்புழு மாத்திரை மெல்லும் வகை, மாட்டிறைச்சிச் சுவை என்று போட்டிருக்கிறது. அதைக் கொடுக்கலாமா?

ஈசூன் மாலதி | திங்கள், இரவு 10.35

கேட்டது நல்லதாயிற்று. எங்கள் முதல் சோதனை ஐந்தாவது வாரத்தில் கெட்டது அப்படிச் சுவையூட்டிய மாத்திரையால்தான். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இங்கே கொசுவால் இதயப்புழு வரும். தோலில் ஊற்றும் மருந்தோ சுவையூட்டாத மாத்திரையோ எழுதித் தரச்சொல்லி நாளைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல் பசையிலும் கோழிச் சுவை இருக்கும், அதையும் பாருங்கள்.