தெருமுனைக் குப்பைமேடு: நகராட்சியோடு சேர்ந்து பணியாற்றிய அனுபவம்

எங்கள் தெருமுனையில், மின்மாற்றியின் அடியில், ஆண்டுக்கணக்கில் குப்பை குவிந்து கிடந்தது. புகார் கொடுக்கும்போதெல்லாம் நகராட்சி ஆட்கள் வந்து அள்ளிச் செல்வதும், மறுநாளே எச்சில் இலைகளும் இளநீர்க் கூடுகளும் முடிச்சிட்ட கேரிபேக்குகளும் அங்கு வந்து சேர்வதுமாக இருந்தது. கேரிபேக்குகளுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை இருந்தும், அந்த மேட்டில் கண்ணில் படுவதெல்லாம் அவையாகவே இருந்தன.

குடியிருப்போர் நலச்சங்கத்தின் சார்பில் துப்புரவு ஆய்வாளரை நேரில் வந்து பார்க்கக் கேட்டுக்கொண்டோம். அவர் வந்த அன்று உண்மையான காரணத்தைச் சொன்னவர், பேட்டரி வண்டி ஓட்டும் தூய்மைப் பணியாளரான அம்மாதான். “ஐயா, எங்க வண்டி இந்தத் தெருவுக்கு வரும்போது மணி ஒன்பதரை ஆயிடுது. பாதி வீடு பூட்டிக் கிடக்கு. வேலைக்குப் போறவங்க போற வழியில மூலையில வெச்சிட்டுப் போயிடுறாங்க” என்றார். அத்தனை மனுக்களிலும் நாங்கள் குப்பையைப் பற்றித்தான் எழுதியிருந்தோமே தவிர, வண்டி வரும் நேரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அதன்பின் கொடுத்த மனுவில், வண்டி தன் சுற்றை எங்கள் தெருவிலிருந்து காலை ஆறரைக்குத் தொடங்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை வைத்தோம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீடுதோறும் சேகரிக்கும் கடமையை உள்ளாட்சிக்கும், தரம் பிரித்துக் கொடுக்கும் கடமையை வீட்டாருக்கும் விதித்திருந்ததால், எங்கள் பங்கைச் செய்வோம் என்ற உறுதியையும் அதிலேயே எழுதிக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொண்டோம். வார்டு கவுன்சிலர் தலைமையில் நடந்த பகுதி சபைக் கூட்டத்திலும் இதைப் பேசிப் பதிவு செய்யச் சொன்னோம். வாய்மொழியாகக் கேட்பதைவிடக் கூட்டப் பதிவேட்டில் ஏறிய கோரிக்கைக்கு அலுவலகத்தில் தனி மதிப்பு உண்டு என்பதை அப்போது கண்டேன்.

நேரம் மாறியது. ஆனால் தரம் பிரிக்கும் பழக்கம் எளிதில் வரவில்லை. உடைந்த கண்ணாடியும் குழந்தைகளின் டயப்பரும் சோற்றோடு கலந்து வருவதை அந்த அம்மா வெறுங்கையால் பிரித்தெடுப்பதைப் பார்த்த பிறகுதான், சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகச் சென்று, அவற்றைச் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். பணியாளர்களுக்குக் கையுறை வழங்கக் கோரி நகராட்சிக்கு இன்னொரு மனுவும் கொடுத்தோம். அதற்குத்தான் அதிகம் அலைய வேண்டியிருந்தது. அப்படி அலைய விடுவது எந்த நகராட்சிக்கும் அழகல்ல.

தெருமுனை இப்போது சுத்தமாக இருக்கிறது. அடுத்த தெருவில் உரிமையாளர் வெளியூரில் இருக்கும் காலி மனையில் மட்டும் இரவில் கொட்டுவது நிற்கவில்லை. அந்த மனைக்கு வேலி போட உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்புமாறு நகராட்சியிடம் கேட்டிருக்கிறோம். வரும் பகுதி சபையிலும் அதையே முதல் கோரிக்கையாக வைக்கவிருக்கிறோம்.