மாஸ்டர்ஃபார்மேட் இருக்கும்போது யூனிஃபார்மேட் எதுக்கு?

கணக்குப்பிள்ளை: பிம் மாடல்ல, அதான் கட்டடத்தோட கணினி மாதிரியில, ஒவ்வொரு சுவருக்கும் மாஸ்டர்ஃபார்மேட் (வேலைவாரி எண்), யூனிஃபார்மேட் (கட்டடப் பகுதிவாரி எண்) ரெண்டு எண்ணும் போடணுமாம். எதுக்கு இந்த இரட்டை வேலை? மாஸ்டர்ஃபார்மேட்ல கொத்து வேலை 04, கதவு ஜன்னல் 08, பூச்சும் பெயிண்ட்டும் 09. கொட்டேஷன் கேட்க, பில் சரிபார்க்க இது போதும். மத்ததெல்லாம் ஆபீஸ் அலங்காரம்.

கோட்டோவியம்: சார், கொட்டேஷன் கட்டத்துக்குச் சரி. அதற்கு முன்னால்? வெளிச்சுவர் செங்கல்லா கான்கிரீட்டா என்றே முடிவாகாதபோது எந்த எண்ணைப் போடுவீர்கள்? யூனிஃபார்மேட்டில் வெளிச்சுவர் பி2010. எதால் கட்டினாலும் அதே எண்தான். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று வைத்து ஒப்பிடலாம். உங்கள் முறையில் செங்கல் 04, உலோகச் சட்டம் 05, வெப்பக்காப்பு 07, பூச்சு 09. முழுச் சுவருக்கு என்ன செலவு என்று எங்கே பார்ப்பது?

கணக்குப்பிள்ளை: கூட்டினா வந்துடும். எக்செல் எதுக்கு இருக்கு?

கோட்டோவியம்: 09இல் பெயிண்ட் முழுக் கட்டடத்துக்கும் ஒரே வரியாக வரும். அதில் வெளிச்சுவரின் பங்கு எவ்வளவு என்று எக்செல்லுக்கு எப்படித் தெரியும்?

மட்டக்கோல்: இது தீர்ந்துபோன சண்டைங்க. கட்டுமானத் தகவலை வகைப்படுத்தற சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 12006-2, கட்டடப் பகுதி, வேலை, பொருள் மூணையும் தனித்தனி அட்டவணையா வைக்கச் சொல்லுது. வட அமெரிக்க வகைப்பாடான ஆம்னிகிளாஸ்ல அந்த அட்டவணைகளோட எண் 21, 22, 23. பிரிட்டன் யூனிகிளாஸ்லயும் பகுதிக்கும் பொருளுக்கும் தனி அட்டவணைதான்.

கணக்குப்பிள்ளை: ரெண்டே தாங்கலைங்கறேன், மூணாவதா! 2004ல மாஸ்டர்ஃபார்மேட்டோட 16 பிரிவை 50 ஆக்கினாங்க. 15ல இருந்த பிளம்பிங் 22க்கும் ஏசி 23க்கும் போச்சு; பழைய ரேட் ஃபைலை எல்லாம் மாத்தி எழுத வேண்டியதாச்சு. எண் கூடக் கூடத் தப்பும் கூடும். இப்ப கையில இருக்கற மாடலையே பாருங்க: கதவுக்கு 08 14 16, அதாவது மர ஃபிளஷ் கதவு. பூட்டு, கீல் எல்லாம் அதே வரியில. அது 08 71 00ல வரணும். கதவுக்காரர் விலையில பூட்டு சேர்ந்திருக்கா இல்லையான்னு யார் சொல்றது?

கோட்டோவியம்: அது மாடல் வரைபவருக்கு ஸ்பெக் (வேலை விவரக்குறிப்பு) தெரியாததால் வந்த வினை. அவர் பகுதி எண்ணை மட்டும் போடட்டும். வேலை எண்ணை ஸ்பெக் எழுதுபவர் கதவு வகைக்கு ஒருமுறை போட்டால் போதும். 200 கதவுக்கும் தனித்தனியாகத் தட்ட வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை: அப்படின்னா சரி. ஆனா பில் என் மேஜைக்கு வரும்போது ரெண்டும் இருக்கணும், எதை யார் போட்டாங்கன்னு பேரும் இருக்கணும்.