டைனமோவில் கேட்ட இளையராஜா

எனக்குப் பிடித்த இசையமைப்பாளர் யார் என்பதை, 1997ஆம் ஆண்டு மல்லாவியில் எங்கள் கொட்டிலுக்கு முன்னால் தலைகீழாக நின்ற ஒரு லுமாலா துவிச்சக்கரவண்டிதான் பெருமளவு தீர்மானித்தது என்று சொன்னால் இளையவர்கள் நம்பமாட்டார்கள். அப்போது போர்க்காலம்; இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் மின்சாரம் இல்லை. அரசாங்கம் தடைசெய்த பொருள்களுள் பற்றரியும் ஒன்றாகையால், தப்பித்தவறிக் கிடைப்பதும் ரோச் லைற்றுக்கே போய்விடும். ஆகவே வண்டியின் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவின் தலையைப் பின்சில்லு டயரோடு உரசவிட்டு, அதிலிருந்து இரண்டு வயர்களைக் கசெற் றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்போம்.

எங்களிடம் இருந்தது யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது உடுப்புப் பையோடு வந்த ஓர் அறுபது நிமிட ரிடிகே கசெற். அதன் முதற்பக்கத்தில் முதலாவது பாட்டு, 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்கு இளையராஜா இசையமைத்த 'இளைய நிலா'. பின்னோக்கிச் சுற்றுவதற்கு டைனமோவை வீணாக்காமல், கசெற்றின் பல்லுக்குள் பேனையைச் செருகிக் கையாலேயே சுழற்றுவோம். பெடல் சுற்றுவது பெரும்பாலும் என் தம்பியின் வேலை. சரணம் வரும்போது அவனுக்குக் கை களைக்கத் தொடங்கும். சில்லின் வேகம் குறையக் குறைய எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் தடித்து, கிட்டார் இழுபட்டு, இரண்டாவது இடையிசையில் முழுப்பாட்டும் கிணற்றுக்குள் இறங்குவதுபோல ஆகிவிடும். "அண்ணா, கை உளையுது, ஆளை மாத்துங்கோ" என்று அவன் கத்த, நான் ஓடிப்போய்ப் பெடலைப் பிடிப்பேன். வானத்தில் போர்விமான இரைச்சல் கேட்பதாகப் பெரியம்மா கையைக் காட்டினால், எந்தச் சரணமாயினும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இந்தச் சோதனையை எல்லா இசையும் ஒரே விதமாகத் தாங்கவில்லை. எம். எஸ். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிவதற்கு முன்னர் சேர்ந்து அமைத்த பாடல்கள் எவ்வளவு இழுபட்டாலும் குலையவில்லை. அவற்றின் உயிர் மெட்டிலும் குரலிலும் இருந்தமையால் வேகம் தவறினாலும் பாட்டு பாட்டாகவே நின்றது. மாறாக, 1992இல் 'ரோஜா'வோடு அறிமுகமாகி முதற்படத்துக்கே தேசிய விருது பெற்ற ஏ. ஆர். ரஹ்மான் எங்கள் முற்றத்தில் எடுபடவேயில்லை. ஒலிகளை அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய அந்த இசை, உள்ளங்கையளவு ஸ்பீக்கரில் வெறும் சலசலப்பாகவே வந்தது. அது அவருடைய குறையன்று என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. (அப்போது அவரைப் பற்றி நான் சொன்னவற்றை இங்கே எழுதாமல் விடுகிறேன்.)

இளையராஜாவை முழுமையாகக் கேட்டுவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். 2002இல், போரால் மூடப்பட்டிருந்த ஏ9 நெடுஞ்சாலை திறந்த பின்னர், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்த ஒரு மினிபஸ்ஸில், இருக்கைக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி அதிர, அதே 'இளைய நிலா' ஒலித்தது. குரல் நான் அறிந்ததைவிட மெல்லியதாகவும் இளமையாகவும் இருந்ததால் வேறு யாரோ பாடுவதாகவே முதலில் எண்ணினேன். அதன்பின் குரலுக்கும் கிட்டாருக்கும் அடியில் பேஸ் கிட்டார் தன் போக்கில் இன்னொரு மெட்டைச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டேன். ஐந்து வருடங்களாக மனப்பாடமாயிருந்த பாட்டில் அப்படியொன்று இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பொதிகளைச் சோதனைக்குக் கொடுத்தபோதும் அதைத்தான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

ஆயினும் இன்றுவரை, கைத்தொலைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டால், இரண்டாவது இடையிசையில் சுருதி இறங்கும் என்று என் காது ஒரு கணம் காத்திருக்கிறது. சென்ற மாதம் தம்பியிடம் இதைச் சொல்லி, உனக்கும் அப்படித்தானா என்று கேட்டேன்.

"நான் எங்க அண்ணா பாட்டுக் கேட்டனான்? எனக்குச் செயின் சத்தம் மட்டும்தான் கேட்டது" என்றான்.