லினன் நூல் மேலாடை: துவைத்ததும் நீள்கிறது

கேள்வி: 4 மி.மீ. ஊசியில் பின்னிய மாதிரித் துண்டு துவைத்ததும் நீண்டு, ஒரு பக்கம் சாய்கிறது. துவைக்கும் முன்பா, பின்பா, எந்த அளவை வைத்துக் கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) போடுவது?

பதில் 1: துவைத்த அளவைத்தான். 15 செ.மீ. சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, கீழ் ஓரத்தில் கிளிப்புகள் மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். லினன் நூலாகும் ஆளி நாருக்குக் கம்பளியின் மீள்தன்மை கிடையாது. ஆடையின் எடை இழுத்த நீளம் அப்படியே நிற்கும். ரிப் (நெடுக்கு வரிகளாக வரும் பின்னல்) விளிம்பும் இறுக்கிப் பிடிக்காது. இடுப்பு வளைவைக் கண்ணி குறைத்தே கொண்டுவர வேண்டும்.

பதில் 2: சாய்வுக்குக் காரணம் ஒற்றைப் புரி நூலின் முறுக்கு. நேர்க்கண்ணியும் (knit) எதிர்க்கண்ணியும் (purl) மாறி மாறி வரும் பின்னல் அதைச் சமன் செய்யும். உலோக ஊசியில் வழுக்கினால் மூங்கில் ஊசிக்கு மாறுங்கள்.

பதில் 3: புது நூல் உருண்டையை வரிசை ஓரத்திலேயே சேருங்கள், 15 செ.மீ. நூல் நுனியை வாலாக விட்டு. நடுவில் முடிச்சு போட்டால் துருத்தும்.