அந்தப் புத்தகம் யாரிடம்?

குழு: பெரிய வீடு
2012 ஜூலை 31, செவ்வாய்

மீனா: பெரியப்பாவின் ஹாபிட் புத்தகம், டோல்கீன் எழுதிய கதை, யாரிடம் இருக்கிறது? படம் வருவதற்குள் இன்னொரு தடவை கேட்க வேண்டுமாம். பொடி எழுத்து, இப்போது அவரால் முடியவில்லை. நான் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கோபி: என்னிடம் இல்லை

கார்த்திக்: கோபியிடம்தான்

கோபி: டேய்

சுதா அத்தை: படம் எப்போது?

கார்த்திக்: டிசம்பர் 14 அத்தை. முதல் பாகம்

சுதா அத்தை: பாகமா??

ரகு சித்தப்பா: எல்லாரும் பொறுமையாகப் படிக்கவும். டைரக்டர் பீட்டர் ஜாக்சன் நேற்று ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டார். இரண்டு படம் என்றிருந்தது இப்போது மூன்று. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூன்று தடிப் புத்தகம், மூன்று படம், நியாயம். இது 1937இல் குழந்தைகளுக்காக வந்த ஒற்றைப் புத்தகம், மொத்தமே 19 அத்தியாயம். ஆனால் ரிங்ஸ் கடைசிப் பாகத்தின் பின்னிணைப்பில் டோல்கீன் எழுதி வைத்த சங்கதிகளையும் சேர்க்கிறாராம். மந்திரவாதி காண்டால்ஃப் நடுவில் குள்ளர்களை விட்டுவிட்டுப் போவாரே, அந்த விவரமெல்லாம் வரும். அப்புறம் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதிலாக 48 (தொடரும்)

கோபி: சித்தப்பாவே மூன்று பாகமாகத்தான் வருவார்

பெரியம்மா: ரகு, ரிங்ஸ் பார்க்கப் போனபோதும் நீ இப்படித்தான். முன் சீட்டுக்காரர் எழுந்தே போய்விட்டார்.

ரகு சித்தப்பா: அவர் போன் பேசப் போனார் அண்ணி

சுதா அத்தை: ஆர்லாண்டோ ப்ளூம் உண்டா?

கார்த்திக்: ரிங்ஸில் அவர் நடித்த லெகோலாஸே இந்தப் புத்தகத்தில் கிடையாது அத்தை

சுதா அத்தை: புத்தகத்தை யார் கேட்டது

ரகு சித்தப்பா: படத்தில் உண்டு சுதா. 48 ஃபிரேம் என்றால், வேகமான அசைவு கலங்காமல்

மீனா: சித்தப்பா, புத்தகம்!!

கார்த்திக்: வரைபடத்தில் சிவப்பு டிராகன் மேல் பச்சை ஸ்கெட்ச் பேனா அடித்திருக்குமே, அதுதானே?

மீனா: எனக்கு அப்போது ஆறு வயது. இன்னும் எத்தனை வருடம் சொல்வீர்கள்

சுதா அத்தை: வீடு காலி செய்தபோது அலமாரியோடு போயிருக்கும். அலமாரி யார் வீட்டில் என்று எல்லாருக்கும் தெரியும்.

ரகு சித்தப்பா: அண்ணன் தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்

சுதா அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லையே

பெரியம்மா: அலமாரிப் பேச்சு இங்கே வேண்டாம்

கோபி: முதல் நாளே போகிறோமா? த்ரீ டியா, சாதாவா?

கார்த்திக்: த்ரீ டி

மீனா: பெரியப்பா கண்ணாடி மேல் கண்ணாடி போட வேண்டும். சாதா

ரகு சித்தப்பா: 48 ஃபிரேம் த்ரீ டியில்தான்

கோபி: சரி, அப்புறம் பார்ப்போம்

(இரவு 10.40)

ரகு சித்தப்பா: கிடைத்தது. கீழ்த்தட்டில், பழைய டைரிகளுக்கு அடியில். முன் அட்டை இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளம் வைத்திருக்கிறது.

மீனா: கோல்லம் என்கிற குகை ஜந்துவோடு விடுகதைப் போட்டி, கடைசியில் கதாநாயகன் பில்போ ‘என் பையில் என்ன இருக்கிறது’ என்று கேட்கிற அத்தியாயம்! அதைப் படித்த வாரம் முழுக்க பெரியப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு வாசலிலேயே நிற்பாரே

கார்த்திக்: மூன்று வாய்ப்பு. ஒரு தடவைகூட நாம் சொன்னது சரியில்லை

ரகு சித்தப்பா: ஞாயிறு கொண்டு வருகிறேன். இல்லாவிட்டால் யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சுதா அத்தை: நான் வருகிறேன். அலமாரியையும் பார்த்த மாதிரி இருக்கும்.

பெரியம்மா: பெரியப்பா இன்னும் தூங்கவில்லை. எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். உங்கள் எல்லாரையும் கேட்கச் சொல்கிறார், பையில் என்ன இருக்கிறது என்று.

கோபி: கயிறு

கார்த்திக்: ஒன்றுமில்லை

சுதா அத்தை: என்ன கயிறு?