ரோலரைத் தொடாதே

குழு: ஓவல் ஞாயிறு – மெல்பர்ன்
(பெயர்கள் என் போனில் சேமித்திருப்பது போலவே)

ஞாயிறு, செப்டம்பர் 10

கேப்டன்: சாவி வாங்கியாச்சு. ஃபுட்டிக்காரர்கள் (ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடுகிறவர்கள்) நேற்றோடு காலி. நம்ம கிரிக்கெட் பிட்ச் இந்தக் கோலத்தில் இருக்கு. (படம்)

கேப்டன்: இது கிட்டத்தில் எடுத்தது. அளவு தெரிய என் ஷூவைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். (படம்)

கீப்பர் தம்பி: பிட்ச் எங்கே அண்ணா? நாற்றங்கால்தான் தெரியுது.

பொருளாளர் அக்கா: எருமை படுத்து எழுந்த இடம் மாதிரி இருக்கு. சிந்தெடிக் பிட்ச்சில் ஆடிக்கொண்டிருந்தவர்களைப் புல் பிட்ச்சுக்கு இழுத்து வந்தது யாருன்னு நான் கேட்கவே மாட்டேன்.

கேப்டன்: கேட்டாச்சு அக்கா.

யாழ்ப்பாணத்து அண்ணை: நடுவில மட்டும் ஏன் இவ்வளவு நாசம்? கரையெல்லாம் பச்சையாய்த்தானே கிடக்குது.

நான்: ஃபுட்டியில் ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பகுதியும் நடுவில்தான் ஆரம்பிக்கும் அண்ணை. கோல் விழுந்தால் மறுபடி நடுவுக்கே வருவார்கள். அம்பயர் பந்தை மேலே எழுப்பியதும் இரண்டு பக்கத்து நெட்டைப் பையன்களும் ஓடி வந்து, எம்பிக் குதித்து, ஒரே இடத்தில் வந்து விழுவார்கள். அவர்கள் விழும் இடம்தான் நம் பிட்ச். குளிர்காலம் முழுக்க, வாராவாரம், ஈர மண்ணில், அடியில் குமிழ் (ஸ்டட்) வைத்த பூட்ஸோடு.

யாழ்ப்பாணத்து அண்ணை: அப்ப பேசாமல் தும்புப் பாயை விரிச்சு நாலு மூலைக்கும் ஆணி அடியுங்கோ. ஊரில நாங்கள் அப்பிடித்தான் விளையாடினனாங்கள்.

கேப்டன்: லீக் ஒத்துக்கொள்ளாது அண்ணை. முதல் மேட்ச் அக்டோபர் 14. ஐந்து வாரம் இருக்கு. பெரிய ரோலரை எடுத்து நாலு தடவை ஓட்டினால் சமமாயிடும்.

நான்: மேடு அமுங்கினால் பள்ளம் நிரம்புமா கேப்டன்? பள்ளம் இன்னும் கொஞ்சம் கெட்டியான பள்ளமாகும், அவ்வளவுதான்.

கேப்டன்: அப்போ மணல் மூட்டை நாலு வாங்கிக் கொட்டுவோம்.

நான்: ஒரு நிமிஷம். என் மாமனார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். நாற்பது வருஷம் கரிசலில் பருத்தியும் உளுந்தும் போட்டவர். படத்தைக் காட்டினேன். உங்களோடு பேசணுமாம்.

(நீங்கள் கோவில்பட்டி மாமாவைச் சேர்த்தீர்கள்)

கோவில்பட்டி மாமா: அனைவருக்கும் வணக்கம். படம் பார்த்தேன். இது கிளி மண். மணல் போடக்கூடாது.

கோவில்பட்டி மாமா: களி. கிளி இல்லை. போனில் பேசினால் அதுவாக எதையோ எழுதுகிறது.

கீப்பர் தம்பி: கிளி மண்ணே நல்லா இருக்கு தாத்தா.

கோவில்பட்டி மாமா: களி காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். மணல் இரண்டும் செய்யாது. இரண்டையும் சேர்த்தால் சேருகிற இடத்தில் வெடிப்பு விடும். எங்கள் ஊரில் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதே மண் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள்.

நான்: கிடைக்கும் மாமா. இதற்கு மெர்ரி கிரீக் மண் என்று பேர். இந்த ஊர் வடக்கே ஓடுகிற ஒரு ஓடையின் பேர் அது. எரிமலைப் பாறை உதிர்ந்து வந்த கறுப்பு மண். மெல்பர்ன் பிட்ச்சுகளுக்குப் பேர் போனதே அதுதான்.

கோவில்பட்டி மாமா: அப்படியானால் கரிசலுக்குச் சித்தப்பா மகன். நாளைக்கு என்னை அங்கே கூட்டிக்கொண்டு போ மாப்பிள்ளை.

திங்கள், செப்டம்பர் 11

நான்: மாமா பிட்ச்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆச்சு. (படம்) எழுந்து வர மாட்டேன் என்கிறார்.

பொருளாளர் அக்கா: குளிரில் மஃப்ளர் கூடக் கட்டாமல்! மகள் பார்த்தால் உங்களைத்தான் திட்டுவாள்.

நான்: திட்டியாச்சு. விஷயத்துக்கு வருகிறேன். பச்சையாகத் தெரிகிறதே, அது நம் புல் இல்லை. குளிருக்குத் தாங்கட்டும் என்று ஃபுட்டிக்காக மேலே தூவிய ரை புல். நம் புல் அதற்கு அடியில் தூங்குகிறது. கூச் புல், வெயில் புல். குளிர் வந்தால் பழுப்பாகி வளர்ச்சியை நிறுத்திவிடும். மிதிபட்டாலும் அந்த மாதங்களில் தன்னால் மீள முடியாது. அதனால்தான் இந்த மொட்டை. மாமா ஒரு கொடியைப் பிடுங்கி நகத்தால் கீறிக் காட்டினார். வெளியே வைக்கோல் மாதிரி இருக்கு, உள்ளே வெள்ளை, கெட்டி. உயிர் இருக்கு என்கிறார். ஒரு முனையில் மட்டும் பதினைந்து இருபது இடத்தில் கீறினால் உள்ளேயும் பழுப்பு, கொழகொழ. அங்கே புதிதாகத்தான் வைக்கணும்.

கோவில்பட்டி மாமா: இது கூச் இல்லை. அருகம்புல்.

கீப்பர் தம்பி: பிள்ளையாருக்கு வைப்போமே, அதுவா?

நான்: அந்த இனம்தான் தம்பி. பேர் மட்டும்தான் இங்கே வேறு.

யாழ்ப்பாணத்து அண்ணை: இருபது வருஷமாய் அறுகம்புல்லில நிண்டு பந்து போட்டிருக்கிறன், எனக்கே தெரியாமல்.

அண்ணி: அப்படின்னா நல்லதாப் போச்சு. அடுத்த திங்கட்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. ஒரு கைப்பிடி பறித்து வாங்க, கடையில் ஒரு கட்டு என்ன விலை தெரியுமா?

நான்: வேண்டாம் அண்ணி. ரை புல்லைக் கொல்ல நேற்றே மருந்து அடித்திருக்கு. சாமிக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

அண்ணி: சரி, கடையிலேயே வாங்கிக்கிறேன்.

சனி, செப்டம்பர் 16

கேப்டன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கீப்பர் தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பொருளாளர் அக்கா: ரெண்டு பேரும் காலையிலேயே எதை நீக்குறீங்க?

நான்: கேப்டன், கிரவுண்டுக்குப் போனீர்களா? நேற்று ராத்திரி முழுக்க மழை.

கேப்டன்: போனோம். ஒரு தடவைதான் ஓட்டினோம்.

நான்: எதை?

கீப்பர் தம்பி: பெரிய ரோலரை. சாரி அண்ணா.

கேப்டன்: மறைக்கவில்லை, படமே போடுகிறேன். (படம்)

பொருளாளர் அக்கா: ஐயோ! தோசைக்கல்லில் மாவு ஒட்டின மாதிரி அவ்வளவு புல்லும் உருளையில் ஒட்டியிருக்கே.

நான்: உருளைக்கு முன்னால் மண் அலை மாதிரி புரண்டு நிற்கிறது பாருங்கள். ஈரக் களியை அழுத்தினால் அது கீழே போகாது, முன்னால் தள்ளிக்கொண்டே போகும். போன வாரம் ஸ்டட் பள்ளம் மட்டும்தான் இருந்தது. இப்போது குறுக்கே வரப்பும் கட்டியாச்சு.

யாழ்ப்பாணத்து அண்ணை: நாத்து மட்டும்தான் மிச்சம்.

கேப்டன்: ரோல் பண்ணினால் கெட்டியாகும்தானே என்று நினைத்தோம்.

நான்: கெட்டியானால் மட்டும் போதாது. 2017 பாக்ஸிங் டே டெஸ்டுக்கு எம்சிஜி (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) போனோமே, ஞாபகம் இருக்கா? இங்கிலாந்தின் குக் 244 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். மேட்ச் டிராவானது. ஐசிசி அந்த பிட்ச்சுக்கு 'மோசம்' என்று மதிப்பெண் போட்டது. அதுவும் கல் மாதிரிதான் இருந்தது. உள்ளே உயிர் இல்லை.

கோவில்பட்டி மாமா: ஈரக் கரிசலில் மாட்டைக் கூட இறக்க மாட்டோம். ரோலரைத் தொடாதே.

(கோவில்பட்டி மாமா ஒரு செய்தியை மேலே பொருத்தினார்: 'ரோலரைத் தொடாதே')

கீப்பர் தம்பி: தாத்தாவுக்கு அட்மின் உரிமை கொடுத்தது யார்?

நான்: நான்தான். இப்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கு.

ஞாயிறு, செப்டம்பர் 17

நான்: இன்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும். முன்பு இந்த கிரவுண்டைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரத் தாத்தாவை வரச் சொல்லியிருந்தேன். எண்பது வயசுக்குக் குறையாது. அவருக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு இங்கிலீஷ் 'எஸ்' வரைதான். ரெண்டு பேரும் பிட்ச் ஓரத்தில் குந்தி, ஆளுக்கு ஒரு பிடி மண்ணை எடுத்தார்கள். தாத்தா உள்ளங்கையில் வைத்துத் திரித்தார். பென்சில் கனம் வந்தது, இன்னும் திரித்தார், நூல் மாதிரி நீண்டது. தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மாமா அதே மண்ணைத் தன் கையில் திரித்து, 'ஈரம்' என்றார். தாத்தா 'எஸ்' என்றார்.

பொருளாளர் அக்கா: படம் எடுத்தீங்களா?

நான்: என் கையெல்லாம் சேறு.

அண்ணி: எந்தப் பதம் வந்தால் ரோலர் போடலாமாம்?

கோவில்பட்டி மாமா: நாளைக்குக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைவாய் அல்லவா. கையில் ஒட்டக்கூடாது. கிண்ணம் செய்யும்போது ஓரம் வெடிக்கவும் கூடாது. அந்தப் பதம்.

அண்ணி: புரிஞ்சுது மாமா. இவ்வளவு நாள் இவங்க யாரும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதே இல்லை.

நான்: வெள்ளைக்காரத் தாத்தா பிளாஸ்டிசின் (குழந்தைகள் உருட்டி விளையாடும் களி) என்றார். அதுவும் இதுவும் ஒன்றுதான். அதுவரை செய்ய வேண்டிய வேலை இருக்கு. கேப்டன் கட்டிய வரப்பை மண்வெட்டியால் சீவணும். ஸ்டட் பள்ளங்களில் தோட்ட ஃபோர்க்கைச் சாய்த்துக் குத்தி அடிமண்ணை மெதுவாக நெம்பி விடணும். மேலே மண்ணைப் போட்டு மூடுவது அதற்கு அப்புறம்தான். போடுகிற மண் காய்ந்து, சல்லடையில் சலித்ததாக இருக்கணும். கயிறு கட்டி, மட்டப்பலகை வைத்து இழுக்கணும். 20.12 மீட்டர் நீளம், 3.05 மீட்டர் அகலம். வீட்டுத் தரைக்குப் பார்ப்பது போலவே மட்டம் பார்க்கணும்.

கீப்பர் தம்பி: மொட்டையான முனைக்கு?

நான்: விதை போட்டால் இந்தக் குளிரில் கூச் முளைக்காது. பிட்ச்சுக்குப் பக்கத்தில், ஆடாத ஓரத்திலிருந்து மண்ணோடு வட்டமாக வெட்டி எடுத்து இங்கே நடணும். கால்ஃப் மைதானத்தில் குழி போடுவார்களே, அந்த உருளைக் கத்தி தாத்தாவிடம் இருக்கு. அதே கத்தியால் இங்கேயும் குழி எடுப்பதால் மூடி போட்ட மாதிரி உட்காரும்.

பொருளாளர் அக்கா: மண்ணுக்கு ரசீது வாங்க மறக்காதீங்க.

சனி, செப்டம்பர் 23

கேப்டன்: நாற்பத்தொரு குழி. முதுகு போச்சு. (படம்)

யாழ்ப்பாணத்து அண்ணை: தாயக்கட்டம் கீறின மாதிரி கிடக்குது.

கேப்டன்: அண்ணை, இந்த வேலையெல்லாம் இல்லாமலே 1977-ல் டிவி முதலாளி கெர்ரி பேக்கர் தனியாகக் கிரிக்கெட் நடத்த வேறு வழி பார்த்தார். பெரிய கிரிக்கெட் கிரவுண்டெல்லாம் அவருக்குக் கதவை மூடிவிட்டது. இங்கே வேவர்லியில் ஃபுட்டிக்காகக் கட்டிய விஎஃப்எல் பார்க்கைப் பிடித்தார். அங்கே பிட்ச்சே கிடையாது. கண்ணாடிக் குடிலுக்குள் தொட்டியில் பிட்ச்சை வளர்த்து, தூக்கி வந்து இறக்கினார்கள். இன்றைக்கு எம்சிஜியில் ஃபுட்டி முடிந்ததும் பிட்ச்சை இறக்குவதும் அதே வித்தைதான்.

அண்ணி: நம்ம மல்கிரேவ் வீட்டுப் பக்கத்தில் பழைய ஸ்டாண்ட் ஒன்று நிற்குதே, அதுவா?

கேப்டன்: அதேதான் அண்ணி. சுற்றி இப்போது வீட்டுமனை.

பொருளாளர் அக்கா: நம்மிடம் கிரேனுக்குக் காசு இல்லை. குழியே தோண்டுங்க.

சனி, செப்டம்பர் 30

கீப்பர் தம்பி: ஃபுட்டி கிராண்ட் ஃபைனல் பார்க்கிறோம். நடுவில் குதிக்கிறவனைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது.

நான்: நாளை காலை 7 மணிக்கு வாங்க. மாமா இன்று மாலை மண்ணை உருட்டிப் பார்த்தார். பதம் வந்துவிட்டதாம். முதலில் சின்ன ரோலர், நெடுக்காக, குறுக்காக, மூலைக்கு மூலையாக. அடுத்த வாரம் நன்றாக நனைத்து, காயக் காயக் கனத்தைக் கூட்டணும்.

ஞாயிறு, அக்டோபர் 1

நான்: கேப்டன், எங்கே? மணி 7:50.

கேப்டன்: 6:50 தானே?

பொருளாளர் அக்கா: இன்றைக்குக் கோடை நேரம் ஆரம்பம், மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியாச்சு கேப்டன். நீங்க டாஸ் போடுற லட்சணத்தைப் பார்த்து அப்பவே நினைச்சேன்.

நான்: வராவிட்டாலும் பரவாயில்லை. மாமா ரோலர் மேலே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்காரத் தாத்தா பக்கத்தில் நடந்து வருகிறார். (படம்)

அண்ணி: லைசென்ஸ்?

நான்: கேட்காதீங்க அண்ணி. ஓட்டம் மாட்டு வண்டி வேகம்தான்.

வியாழன், அக்டோபர் 5

நான்: மாமாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு நேராக இங்கே வந்தேன். நட்ட நாற்பத்தொன்றில் முப்பத்தாறு பிடித்திருக்கு. ஓரத்தில் பச்சை ஊசி மாதிரி துளிர். மீதி ஐந்தும் லெக் ஸ்டம்புக்கு வெளியே. யாழ்ப்பாணத்து அண்ணை அங்கே குத்தினால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்து அண்ணை: எனக்கும் தெரியாது. அதுதான் என்ர பவுலிங்.

சனி, அக்டோபர் 14

கேப்டன்: கார் சாவியை அழுத்திப் பார்த்தேன், நுனிதான் இறங்குது. ஒரு பந்தைத் தலை உயரத்திலிருந்து போட்டேன், துள்ளி எழுந்தது. நாலு வாரத்துக்கு முன்னால் 'பொத்'தென்று அங்கேயே கிடந்திருக்கும். ஒரு முனை மட்டும் கொஞ்சம் தாழ்வு. டாஸ் ஜெயித்தாச்சு. என்ன எடுக்கலாம்?

கீப்பர் தம்பி: பேட்டிங் அண்ணா. சாயங்காலம் அந்த முனை என்ன ஆகுமோ.

கோவில்பட்டி மாமா: இப்போதுதான் காப்பி குடிக்கிறேன். நேற்று அங்கே மழை உண்டா?

கேப்டன்: ரெண்டு தூறல்தான் அங்கிள். கவர் போட்டிருந்தோம்.

கோவில்பட்டி மாமா: சரி. ரோலர் எங்கே நிற்கிறது? படம் அனுப்பு.