தனி ஆங்கில வகுப்பு: பேச்சு முன்னேற என்ன செய்வது?

தேன்சிட்டு கேட்டது:

வாரம் இரண்டு முறை ஆன்லைனில் ஒரு ஆசிரியரிடம் தனியாக ஆங்கிலம் படிக்கிறேன். பொறுமையானவர், பேச்சும் கலகலப்பாகத்தான் போகிறது. ஆனால் மாதக்கணக்கில் படித்தும் அலுவலக மீட்டிங்கில் அதே தயக்கம், அதே தப்புகள். படித்தால் புரிகிறது, கேட்டாலும் பெரும்பாலும் புரிகிறது, மெயில் எழுதவும் சிரமம் இல்லை, பேச வரும்போதுதான் வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. ஆசிரியரை மாற்றுவதா, வகுப்பைக் கூட்டுவதா, இல்லை வகுப்பு நடக்கிற விதத்தையே மாற்ற வேண்டுமா?

கரிசல்:

ஆசிரியரை மாற்றும் முன் ஒன்று செய்யுங்கள். அவரிடம் சொல்லிவிட்டு ஒரு வகுப்பைப் பதிவு செய்து, யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் அவர் பேசினால், காசு கொடுத்து நீங்கள் கேட்கும் பயிற்சிதான் எடுக்கிறீர்கள், அது உங்களுக்கு ஏற்கெனவே வருகிறது.

அடுத்தது திருத்தம். நீங்கள் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்கிறீர்கள். அவர் 'ஓ, யூ சா ஹிம் யெஸ்டர்டே?' என்று சரியான வடிவத்தைத் தன் பதிலுக்குள் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார். உங்கள் காதில் அது திருத்தமாக விழவே விழாது, பதிலாகத்தான் விழும். கனடாவில் பிரெஞ்சு வழியில் பாடம் படித்த பிள்ளைகளின் வகுப்புகளைக் கவனித்து லிஸ்டர், ராண்டா என்ற இருவர் 1997ல் எழுதிய ஆய்வு இதைத்தான் காட்டியது: ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்திய திருத்தம் இந்த வகை, மாணவர்கள் உடனே தங்கள் தப்பைச் சரிசெய்துகொண்டது இதில்தான் மிகக் குறைவு. அதனால் ஆசிரியரிடம் நேராகவே கேளுங்கள்: தப்பு வந்தால் சரியானதை உடனே சொல்ல வேண்டாம், ஒரு சைகை காட்டுங்கள், நானே சரிசெய்து பார்க்கிறேன், முடியாவிட்டால் மட்டும் சொல்லுங்கள் என்று.

வாக்கியம் பாதியில் நிற்பதற்கு 4-3-2 பயிற்சி நல்லது. பால் நேஷன் என்ற மொழிக் கல்வி அறிஞர் பரவலாக எடுத்துச் சொன்னது. ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம், பிறகு 3, பிறகு 2 நிமிடத்தில் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்ற யோசனை முதல் தடவையிலேயே முடிந்துவிடுவதால் அடுத்தடுத்த தடவைகளில் வாய் தானாக ஓடும். நாளைய மீட்டிங்கில் நீங்கள் சொல்லப்போவதையே இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நூல்வெளி:

கரிசல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இலக்கணப் பயிற்சி, நிரப்புக கேள்வி, கட்டுரை வாசிப்பு எல்லாம் வகுப்புக்கு வெளியே போகட்டும், புத்தகம் செய்யும் வேலைக்கு ஆசிரியரின் மணி நேரம் எதற்கு? வகுப்பில் வந்த தப்புகளில் மூன்று நான்கை மட்டும் முழு வாக்கியமாக ஆங்கி போன்ற நினைவட்டைச் செயலியில் ஏற்றி, நாள் இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். தனிச் சொல்லாக எழுதி வைத்தால் பேசும்போது கைகொடுக்காது.

அப்புறம், அவசரப்படாதீர்கள். கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் உத்தேசக் கணக்கில், ஆரம்பத்திலிருந்து பி1 என்ற இடைநிலைக்கு 350 முதல் 400 மணி நேரம், அதற்கு அடுத்த பி2 நிலைக்கு மொத்தமாக 500 முதல் 600 மணி நேரம் வழிகாட்டுதலோடு படிக்க வேண்டியிருக்கும். வாரம் இரண்டு மணி நேரத்தை இதோடு ஒப்பிட்டால் வகுப்புக்கு வெளியே நடப்பது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

வெண்புறா:

எல்லாத் தப்பையும் நிறுத்தி நிறுத்தித் திருத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏற்கெனவே தயங்குகிறவர் இன்னும் சுருங்கிப்போவார். 4-3-2 ஓடும்போது ஆசிரியர் குறுக்கிடவே கூடாது, குறித்து வைத்துக்கொண்டு முடிந்த பிறகு பேசட்டும்.

உச்சரிப்பை யாரும் சொல்லவில்லையே! தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, அதனால் ஆங்கிலத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று நம் காது தேடுவதே இல்லை. ஹோட்டல், டெவலப் இரண்டிலும் அது இரண்டாம் அசையில் விழும், நம்மில் பலர் முதல் அசையில் போடுகிறோம். உங்கள் துறைச் சொற்களைப் பட்டியல் போட்டு ஆசிரியரிடம் கொடுத்து, நீங்கள் சொல்லும்போது அழுத்தத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். தனியாக உட்கார்ந்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், எதிரில் ஒருவர் வேண்டும்.

தேன்சிட்டு:

மிக்க நன்றி. இவ்வளவையும் சொன்னால் ஆசிரியர் குறை சொல்வதாக நினைத்துவிட மாட்டாரா?

கரிசல்:

நினைக்க மாட்டார். மாணவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாததால்தான் பலர் பொதுப் பேச்சிலேயே நேரத்தை ஓட்டுகிறார்கள். வகுப்புக்கு முந்தைய நாளே நாலு வரி அனுப்பிவிடுங்கள்: இந்த மீட்டிங் வருகிறது, இதைப் பேசிப் பழக வேண்டும், காலம் காட்டும் வினைகளில் மட்டும் திருத்துங்கள், கடைசிப் பத்து நிமிடம் தப்புகளுக்கு. வெண்புறா சொன்னதும் சரி, ஓட்டத்துக்கான நேரத்தில் திருத்தம் வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இப்படி எழுதிக் கேட்டும் தொடர்ந்து அவரே பேசிக்கொண்டிருந்தால், அப்போது வேறு ஆசிரியரைத் தேடலாம்.